அசல் என்பது எது? பழைய கிட்டார் ஆம்ப்ளிபயர்களும் மாற்று டிரான்ஸ்பார்மர்களும்

1958-ல் செய்த ஒரு கிட்டார் ஆம்ப்ளிபயர் இன்றைக்கும் ஓடும். வால்வு போனால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்னமும் வால்வு செய்கிறார்கள். கண்டன்சர் காய்ந்துபோனால் புதிது வாங்கி சால்டர் வைத்துவிடலாம். ஸ்பீக்கர் கிழிந்தால் கோன் மாற்றலாம். ஆனால் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால்? அங்கேதான் சொந்தக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்.

காரணம் இரண்டு. ஒன்று, அதே டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்காது. செய்த கம்பெனி மூடியிருக்கும், அல்லது வேறு தொழிலுக்குப் போயிருக்கும். இரண்டாவது, "அசல்" இல்லாமல் போனால் அந்த ஆம்ப்ளிபயரின் ஒலியும் போச்சு, விலையும் போச்சு என்ற பயம். முதல் காரணம் உண்மை. இரண்டாவது எந்த அளவுக்கு உண்மை என்பதைத் தெரிந்துகொள்ள, இந்த "அசல்" டிரான்ஸ்பார்மர்கள் முதலில் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது!

இரும்பும் செம்பும்

வீட்டு ஸ்டெபிலைசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு டிரான்ஸ்பார்மர் தெரிந்திருக்கும். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன் நடுவே செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் மின்மாற்றி என்று படித்தது இதைத்தான்.

வால்வு ஆம்ப்ளிபயரில் குறைந்தது இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும். ஒன்று பவர் டிரான்ஸ்பார்மர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, வால்வுகளுக்கு வேண்டிய சில நூறு வோல்ட்டையும், அவற்றின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டையும் தருவது. இன்னொன்று அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் தரகர் என்று இதைச் சொல்லலாம். வால்வு அதிக வோல்ட்டேஜும் குறைந்த கரன்ட்டும் தரும். ஸ்பீக்கர் கேட்பதோ குறைந்த வோல்ட்டேஜும் அதிக கரன்ட்டும். இந்த இரண்டு பேரையும் பேசவைப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஃபெண்டர் பாஸ்மேன் என்ற புகழ்பெற்ற ஆம்ப்ளிபயரில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் சேர்ந்து 2 ஓம். வால்வுகளுக்குத் தேவையான சுமையோ சுமார் 4000 ஓம். 4000-ஐ 2-ஆல் வகுத்தால் 2000. அதன் வர்க்கமூலம் சுமார் 44.7. அதாவது ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் ஏறத்தாழ 45 சுற்று இருக்க வேண்டும்.

கணக்கு இவ்வளவுதான் என்றால் யார் வேண்டுமானாலும் சுற்றிவிடலாமே? விகிதம் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். இரும்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தாழ்ந்த சுருதிகளைத் தாங்கும். சிறிய இரும்பு சீக்கிரம் நிறைந்துவிடும், அதன்பின் ஒலி சிதையும். இரண்டு சுருள்களையும் தனித்தனியாகச் சுற்றினால் உயர்ந்த சுருதிகள் மங்கும். அதனால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று அடுக்கடுக்காக இடைகலந்து சுற்றுவார்கள். எத்தனை அடுக்கு, எந்த வரிசை, நடுவே என்ன காகிதம் என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கணக்கர் வைத்த ரேடியோ கடை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊருக்கு அருகே 1909-ல் பிறந்தவர் லியோ ஃபெண்டர். படித்தது கணக்குப் பதிவியல்! (காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) கணக்கராக வேலையும் பார்த்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 1938-ல் ஃபுல்லர்ட்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். கிட்டார் உலகத்தையே மாற்றிய இந்த மனிதருக்குக் கடைசி வரை கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அவருடைய ஆம்ப்ளிபயர்கள் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் செய்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளில் இருந்த சர்க்யூட்டுகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, சந்தையில் கிடைத்த பொருட்களால் செய்தார். டிரான்ஸ்பார்மரை அவர் சுற்றவில்லை. அக்கம்பக்கத்தில் ரேடியோவுக்கும் மற்றதற்கும் டிரான்ஸ்பார்மர் செய்துகொண்டிருந்த ட்ரையட் போன்ற கம்பெனிகளிடம் வாங்கினார். பிறகு சிகாகோவைச் சேர்ந்த ஷுமேக்கர் கம்பெனியிடம் வாங்கினார். ஸ்பீக்கர் ஜென்சனுடையது. அமெரிக்காவில் அது ரேடியோக்களின் பொற்காலம். உதிரி பாகங்கள் மலிவாக, தாராளமாகக் கிடைத்தன. அந்தச் சந்தை இல்லாவிட்டால் ஃபெண்டர் ஆம்ப்ளிபயரே இல்லை.

பாஸ்மேன் 1952-ல் வந்தது. பெயருக்கு ஏற்றபடி பாஸ் கிட்டாருக்காகச் செய்தது. 1950-களின் கடைசியில் வந்த 5எஃப்6-ஏ என்ற வடிவத்தைச் சாதாரண கிட்டார்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆம்ப்ளிபயர் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனபோதுதான் நம் கதையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது.

லண்டனில் ஒரு டிரம் கடை

லண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்பவர் கடை வைத்திருந்தார். அவர் டிரம் வாசிப்பவர், டிரம் வாத்தியார். கடைக்கு வரும் இளம் கிட்டார்காரர்கள் அமெரிக்க ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க இசைக்கருவிகளை பிரிட்டனில் இறக்குமதி செய்ய இருந்த தடை 1959-ல்தான் விலகியிருந்தது. அதன்பிறகும் அவை மிகவும் விலை அதிகம். நாமே செய்தால் என்ன என்று மார்ஷலுக்குத் தோன்றியது. அவருடைய கடை ரிப்பேர்காரர் கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் சேர்ந்து 1962-ல் ஒன்றைச் செய்தார்கள். முன்மாதிரியாக வைத்துக்கொண்டது பாஸ்மேன் 5எஃப்6-ஏ. அதுதான் மார்ஷலின் முதல் ஆம்ப்ளிபயரான ஜே.டி.எம்.45. (ஜே.டி.எம். என்றால் ஜிம்மும் அவர் மகன் டெரியும், மார்ஷல் குடும்பம்.)

சர்க்யூட்டை அப்படியே பார்த்து எழுதிவிடலாம். பாகங்கள்? ட்ரையட் டிரான்ஸ்பார்மர் லண்டனில் எங்கே கிடைக்கும்? அவர்கள் கைக்கு எட்டியது ரேடியோஸ்பேர்ஸ். 1937-ல் லண்டனில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பெயரே தொழிலைச் சொல்லிவிடும்: ரேடியோ உதிரி பாகங்கள். (1971-ல் ஆர்.எஸ். காம்பொனன்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.) அவர்களுடைய பட்டியலில் பொதுப் பயன்பாட்டுக்கான ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருந்தது. வீட்டில் பாட்டுக் கேட்கும் ஹை-ஃபை பெட்டிகளுக்கானது. பலவிதமான வால்வுகளுக்கும் பொருந்தும்படி பல இணைப்பு முனைகள் கொண்டது. கிட்டாருக்கு என்று யாரும் அதைச் செய்யவில்லை. அதையே மாட்டினார்கள். ஜென்சனுக்குப் பதிலாக செலஸ்டியன் ஸ்பீக்கர். அமெரிக்க வால்வுக்குப் பதிலாக சீக்கிரமே பிரிட்டிஷ் கே.டி.66 வால்வு.

விளைவு என்ன? காகிதத்தில் ஏறத்தாழ ஒரே சர்க்யூட். காதில் வேறு ஒலி! 1966-ல் ஜான் மேயாலின் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த ஆல்பத்தில் அந்த ஒலியை உலகம் கேட்டது. அவர் பயன்படுத்தியது இந்த வம்சத்தில் வந்த, "1962" என்ற மாடல் எண் கொண்ட பெட்டி. (எண்தான் 1962, ஆண்டு அல்ல. பலரும் குழம்பும் இடம் இது.)

ஆக, மார்ஷல் ஒலி என்று கொண்டாடப்படுவதில் ஒரு பங்கு, சரியான டிரான்ஸ்பார்மர் கிடைக்காததால் வந்தது. அது ஒரு மாற்றுப் பாகம். இன்று அந்த ரேடியோஸ்பேர்ஸ் டிரான்ஸ்பார்மர் புனிதப் பொருள்போல் தேடப்படுகிறது. கண்டிப்பாக அதேதான் வேண்டும் என்கிறார்கள். முதலில் மாட்டியவர்களுக்கு அப்படி எந்தக் கண்டிப்பும் இல்லை!

கிடைத்ததும், தேடிப் பெற்றதும்

மார்ஷல் வளர்ந்தபின் டிரேக், டாக்னல் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் டிரான்ஸ்பார்மர் வாங்கியது. 1965-ல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, 100 வாட் ஆம்ப்ளிபயர் பிறந்தது. ஆனால் முதல் சில 100 வாட் பெட்டிகளில் அந்த அளவுக்கான தனி அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது. சிறிய டிரான்ஸ்பார்மர்கள் இரண்டை இணையாக இணைத்து ஒப்பேற்றினார்கள். அந்த இரட்டை டிரான்ஸ்பார்மர் பெட்டிகளும் இன்று சேகரிப்பாளர்களின் கனவு.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஹைவாட் ஆம்ப்ளிபயர்களைத் தொடங்கிய டேவ் ரீவ்ஸ், பார்ட்ரிட்ஜ் என்ற தரம் மிகுந்த கம்பெனியின் டிரான்ஸ்பார்மர்களைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். ஹை-ஃபை உலகில் பெரிய பெயர் பெற்றவை அவை. ஹைவாட் சத்தமாக இருக்கும், ஆனால் அவ்வளவு எளிதில் சிதையாது. டவுன்ஷெண்டும் பின்னர் இதற்கு மாறினார், பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோரும் இதைத்தான் வைத்திருந்தார். ஆக, எல்லாமே தற்செயல் என்று சொல்லிவிடவும் முடியாது. டிரான்ஸ்பார்மர் நிச்சயம் ஒலியைப் பாதிக்கிறது. எந்த டிரான்ஸ்பார்மர் என்பதைச் சில இடங்களில் அறிவு தீர்மானித்தது, பல இடங்களில் அன்றைய சந்தை தீர்மானித்தது.

சந்தை காணாமல் போனது

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மரே தேவையில்லை. ரேடியோ, டிவி, ஹை-ஃபை எல்லாம் 1960, 70-களில் வால்வைக் கைவிட்டன. கிட்டார்காரர்கள் மட்டும்தான் விடவில்லை. ஆனால் அவர்கள் மட்டும் வாங்கி ஒரு தொழிலை நிமிர்த்த முடியுமா? பெருவாரியான தேவை போனதும் பட்டியல்களிலிருந்து டிரான்ஸ்பார்மர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஃபெண்டருக்கு லட்சணமான டிரான்ஸ்பார்மர்கள் செய்த ஷுமேக்கர் இன்று கார் பேட்டரி சார்ஜருக்குப் பெயர் பெற்ற கம்பெனி.

கம்பெனியோடு போவது பொருள் மட்டும் இல்லை. எத்தனை சுற்று, எந்தக் கம்பி, எந்த அடுக்கு வரிசை என்ற குறிப்புகளும் சேர்ந்து போகும். இதுதான் உண்மையான இழப்பு.

இந்த வெற்றிடத்தை நிரப்பச் சில சிறிய கம்பெனிகள் இருக்கின்றன. கனடாவின் குவெல்ஃப் நகரில் 1917-ல் தொடங்கிய ஹாமண்ட் (ஆர்கன் செய்த ஹாமண்ட் வேறு) கிட்டார் ஆம்ப்ளிபயர்களுக்கென்றே 1750 என்ற வரிசையை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகனின் ஹெய்போயர், கலிபோர்னியாவின் மெர்குரி மேக்னடிக்ஸ் போன்றவை உண்டு. மெர்குரி, நல்ல ஒலி தரும் பழைய டிரான்ஸ்பார்மர்களை ஆராய்ந்து நகலெடுப்பதையே தனித் தொழிலாக்கியது. ஆனால் இந்தப் பக்கமும் நிரந்தரம் இல்லை. கிளாசிக்டோன் என்ற பெயரில் நியாயமான விலைக்கு விற்றுவந்த இல்லினாய் கம்பெனி, 2020-ன் பிற்பகுதியில் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. மாற்றுப் பாகத்துக்கே மாற்று தேட வேண்டிய நிலை!

எரிவது ஏன்?

ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் சத்தமாக வாசித்தால், சக்தி போக இடமில்லாமல் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்ட்டேஜ் எகிறும். சுருள்களுக்கு நடுவே பொறி பறந்து காப்புக் காகிதம் கருகிவிடும். ஒரு ஒயர் கழன்றிருந்தாலே போதும்.

பவர் டிரான்ஸ்பார்மருக்கு எதிரி வேறு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று யாராவது பெரிய பியூஸைப் போட்டுவைத்திருப்பார்கள். அடுத்த முறை வால்வு ஷார்ட் ஆகும்போது பியூஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மர் எரியும். மின் அழுத்தம் கூடியதும் ஒரு சுமை. 117 வோல்ட்டுக்குச் செய்த பழைய அமெரிக்கப் பெட்டியில் 123 வோல்ட் வந்தால் ஐந்து சதவீதம் அதிகம். 6.3 வோல்ட் 6.6 ஆகும், 300 வோல்ட் 315 ஆகும். இந்தியா, பிரிட்டன் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் இன்னொரு தொல்லை: 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அளந்து செய்த இரும்பில் இங்கே 20 சதவீதம் அதிகக் காந்தப் பாயம் ஓடும். வோல்ட்டேஜைக் குறைக்கும் பெட்டி வைத்து 117 கொடுத்தாலும் இது தீராது. தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

மாற்று தேடும் வழி

முதல் வேலை அடையாளம் காண்பது. பழைய அமெரிக்க டிரான்ஸ்பார்மர்களின் மேல் ஓர் எண் அச்சடித்திருக்கும். 606 என்று தொடங்கினால் ஷுமேக்கர், 830 என்றால் ட்ரையட். அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு வாரம். 606423 என்றால் ஷுமேக்கர், நான்கில் முடியும் ஆண்டு, 23-வது வாரம். 1954-ஆ, 1964-ஆ என்பதைப் பெட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண் அழிந்திருந்தால் அளக்க வேண்டும். சர்க்யூட்டிலிருந்து கழற்றிய அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கம் 1 வோல்ட் ஏ.சி. கொடுத்து, மறுபக்கம் 44.7 வோல்ட் வந்தால் மேலே பார்த்த அதே விகிதம். வால்வு பக்கத்தில் பாதிச் சுருள் மட்டும் பிழைத்திருந்தால், அந்தப் பாதியை அளந்து இரண்டால் பெருக்கலாம். வெறும் ஓம்மீட்டரை நம்பக் கூடாது. சில சுற்றுகள் மட்டும் ஒட்டிப்போயிருந்தால் அது காட்டாது. (ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்லும். தெரிந்தவர் துணையில்லாமல் திறக்கவே கூடாது.)

அதன்பின் நான்கு வழிகள். அதே கம்பெனியின் பழைய டிரான்ஸ்பார்மரை இன்னொரு செத்த பெட்டியிலிருந்து எடுப்பது. விலை அதிகம், அதுவும் அறுபது வயதுக் கிழம். பொதுவான புதிய டிரான்ஸ்பார்மரை மாட்டுவது. மலிவு, நம்பகமானது. நகல் வாங்குவது. நடுத்தர வழி. கடைசியாக, எரிந்ததையே பிரித்து அதே இரும்பில் மறுபடி காயில் கட்டுவது. மோட்டார் காயில் கட்டும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு அடுக்கையும் எண்ணிப் பிரிக்கும் பொறுமை உள்ளவர் கிடைக்க வேண்டும்.

அப்படியென்றால் அசல் எது?

சேகரிப்பாளர் கண்ணில் டிரான்ஸ்பார்மர் மாற்றிய பெட்டியின் மதிப்பு குறைவு. சந்தை அப்படித்தான், அதில் தவறும் இல்லை. அபூர்வமான எதற்கும் அபூர்வத்தின் விலை உண்டு. ஆனால் அந்த விலையை ஒலியின் விலை என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு. மதிப்பு குறையுமே என்று எரிந்த டிரான்ஸ்பார்மரோடு மூலையில் கிடக்கும் ஆம்ப்ளிபயர் யாருக்கும் பாடப்போவதில்லை.

ஃபெண்டர் பக்கத்தில் கிடைத்ததை மாட்டினார். பிரானும் கிரேவனும் பட்டியலில் கிடைத்ததை மாட்டினார்கள். 100 வாட் வேண்டும் என்றபோது இரண்டைச் சேர்த்து மாட்டினார்கள். இந்தப் பெட்டிகளின் வரலாறே "கிடைத்ததை வைத்துச் செய்" என்பதுதான். அந்த வகையில் இன்று அளவு பார்த்து, பொருத்தமான ஒன்றை மாட்டி மறுபடி வாசிக்க வைப்பவர் அந்த மரபை மீறவில்லை. தொடர்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கழற்றிய டிரான்ஸ்பார்மரைக் காயலான் கடையில் போட்டுவிடக் கூடாது. பல ரிப்பேர்காரர்கள் அதை ஒரு பையில் போட்டுப் பெட்டியோடே வைத்துவிடுகிறார்கள். சரியான பழக்கம். கம்பெனி இல்லை, வரைபடம் இல்லை, சுற்றியவர்களும் இல்லை என்ற நிலையில், எத்தனை சுற்று, எத்தனை அடுக்கு என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தக் கருகிய இரும்புக் கட்டிதான். நாளைக்கு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அதைப் பிரித்து எண்ணினால், அதிலிருந்து இன்னும் நூறு பிறக்கும்.